எல்லாம் ஒண்ணுதான் சார்!

"கேஸ் சிலிண்டர் வெடித்து விபத்து". நம்ம பேப்பர்காரங்க ரெடிமேடா வச்சிருக்கிற தலைப்பு இது. ஊர்ப் பேரையும் எண்ணிக்கையையும் மாத்திப் போட்டா வேலை முடிஞ்சது. படிக்கிற நாமளும் ஒரு 'ச்சொ' கொட்டிட்டு ராசிபலன் பக்கத்துக்குப் போயிடுவோம். என்னவோ அந்த சிலிண்டர் ராத்திரி முழிச்சு, யார் மேலயோ கோவப்பட்டு, தானா வெடிச்ச மாதிரி.

மக்களே, முதல்லயே போட்டு உடைச்சிடறேன். இந்த மாதிரி செய்தி பலதுல முதல்ல வெடிக்கிறது சிலிண்டர் இல்ல. எங்கயோ ஒரு இணைப்புல கேஸ் கசியும், அறையில தேங்கும், யாராவது லைட் சுவிட்சைத் தட்டுவாங்க. தேங்கின கேஸ் பத்திக்கும். சிலிண்டரே வெடிக்கிறதும் உண்டுதான், ஆனா அது சுத்தி தீ எரிஞ்சு இரும்பு சூடேறின பிறகு நடக்கிற ரெண்டாம் பாகம். சுமார் 25 பார் அழுத்தம் கொடுத்து சோதிச்சுத்தான் அந்த இரும்புக் குடத்தை வெளிய அனுப்பறாங்க. அது உறுதியான பொருள். உறுதி இல்லாதது அதுக்கும் அடுப்புக்கும் நடுவுல நாம மாட்டற சமாச்சாரம். ஓஸ், கிளிப், நிப்பிள், எல்போ, வாஷர். எல்லாம் சேர்த்தா சில நூறு ரூபா. தலைப்புல அதோட பேர் வந்ததே இல்ல.

இந்தப் பதிவு அந்த சில நூறு ரூபா பத்தினது. அதை விட, அதைப் பத்திப் பேசும்போதெல்லாம் நம்ம ஊர்ல வந்து விழுகிற நாலு வார்த்தை பத்தினது. "எல்லாம் ஒண்ணுதான் சார்."

கொஞ்சம் கணக்கு போட்டுடலாம். (படிச்சது மெக்கானிக்கல், பிழைக்கிறது பொட்டி தட்டி. படிச்ச படிப்புக்கு இந்த மாதிரி எப்பவாச்சும்தான் வாய்ப்பு கிடைக்குது, விட மனசில்ல.) எல்.பி.ஜி.ங்கிறது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ரெண்டும் காத்தை விட கனம். ஒண்ணு ஒன்றரை மடங்கு, இன்னொண்ணு ரெண்டு மடங்கு. அதனால கசிஞ்ச கேஸ் மேல போய் ஜன்னல் வழியா டாட்டா காட்டாது. தண்ணி மாதிரி தரையில ஊரும். காத்துல ரெண்டு சதவீதம் சேர்ந்தாலே பத்திக்கிற நிலை வந்துடும்.

பத்துக்கு எட்டு அடி சமையலறைன்னு வச்சுக்குங்க. தரையில இருந்து ஒரு அடி உயரத்துக்கு மட்டும் கேஸ் படர்ந்தா அது 80 கன அடி. அதைப் பத்திக்கிற கலவையா மாத்த எவ்வளவு கேஸ் வேணும்? சுமார் 90 கிராம். முழு சிலிண்டர் 14.2 கிலோ. அதுல நூத்துல ஒரு பங்கு கூட இல்ல. ஒரு தளர்ந்த கிளிப் ராத்திரி பூரா கசிஞ்சா, காலையில டீ போட வர்ற அம்மாவுக்கு அந்த 90 கிராம் போதும்.

கேஸுக்கு சொந்தமா வாசனை கிடையாது. நமக்குத் தெரியணுமேன்னு எத்தில் மெர்காப்டன்னு ஒரு நாத்தம் புடிச்ச சரக்கைக் கலந்து அனுப்பறாங்க. அதாவது கம்பெனிக்காரனுக்கு அக்கறை இருக்கு. குடத்துல அக்கறை இருக்கு, வால்வுல அக்கறை இருக்கு, நாத்தத்துல கூட அக்கறை இருக்கு. அதுக்கு அப்புறம் நம்ம ராஜ்ஜியம் ஆரம்பிக்குது. அங்கதான் கோளாறு.

*

சரி, இந்த வம்புக்கு நான் எப்படி வந்தேன்?

கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் அமெரிக்காவுல நாலஞ்சு வருஷம் ஆணி புடுங்கிட்டு ஊருக்கே திரும்பிட்டான். ஊர்னா தியாகதுருகம். சேலம் - உளுந்தூர்பேட்டை ரோட்டுல போறவங்க ஒரு மலையையும் அது மேல கோட்டையையும் பார்த்திருப்பீங்களே, அதேதான். 18ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மல்லுக்கட்டின மலை. இப்ப அதுக்குக் கீழ நாங்க ஹார்டுவேர் கடைக்காரரோட மல்லுக்கட்டினோம்.

அங்க இருந்தப்போ நம்மாளுக்கு வீட்டுலயே பீர் காய்ச்சற பொழுதுபோக்கு. அமெரிக்காவுல அதுக்கு 1978ல கார்ட்டர் கையெழுத்துப் போட்டு மத்திய சட்டத்துலயே வழி விட்டுட்டாங்க. மால்ட் தண்ணியை இருபது லிட்டர், ஒரு மணி நேரம் தளதளன்னு கொதிக்க விடணும். வீட்டு அடுப்பு அதுக்கு லாயக்கில்ல. 30 டிகிரியில இருக்கிற இருபது லிட்டரை 100க்குக் கொண்டு போகவே 5.9 மெகாஜூல் வேணும். நம்ம வீட்டு பெரிய பர்னர்ல பாத்திரத்துக்குள்ள போய்ச் சேருற சூடு ஒன்றரை கிலோவாட் கூட தேறாது. கொதி வர்றதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதனால வீட்டுக்கு வெளிய வச்சு எரிக்கிற பெரிய அழுத்த பர்னர் ஒண்ணு வாங்கியிருந்தான். வரும்போது கண்டெய்னர்ல அதையும் ஏத்திட்டு வந்துட்டான்.

இங்க வந்து பீர் காய்ச்ச முடியாது. 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. லைசென்ஸ் இல்லாம எதைக் காய்ச்சினாலும் கம்பி எண்ணணும். அதுவும் கல்வராயன் மலையில ஊறல் அழிக்கிறதே போலீசுக்குத் தனி வேலையா இருக்கிற மாவட்டத்துல போய், 'சார், இது கிராஃப்ட் பீர்'னு விளக்கம் சொன்னா கேக்கவா போறாங்க? அவனும் அதை விட்டுட்டான். பர்னரை வீட்டு விசேஷத்துக்கு பிரியாணி போட வச்சுக்கலாம்னு முடிவு. நம்மூரு சிலிண்டரோட அதை இணைக்கணும். அவ்வளவுதான் வேலை.

கடைக்குப் போனோம். (எந்தக் கடைன்னு கேக்காதீங்க. அவர் நல்ல மனுஷர், அவருக்குச் சொல்லித் தராத சமூகத்து மேலதான் என் கோவம்.) பர்னரோட நுழைவாயைப் பார்த்தார். "கால் இஞ்சு தம்பி"ன்னார். டப்பாவுல இருந்து கால் இஞ்சு நிப்பிள் ஒண்ணை எடுத்தார். திருகினார். ரெண்டு மூணு சுத்து ஏறிச்சு, அப்புறம் இறுகிச்சு.

நண்பன் சொன்னான். "அண்ணே, இது என்.பி.டி. மரை. உங்க நிப்பிள் பி.எஸ்.பி. சேராது."

அண்ணன் சிரிச்சார். "எல்லாம் ஒண்ணுதான் சார். டேப்பை நாலு சுத்து கூட சுத்தினா நிக்கும்."

'தம்பி'யா இருந்தவன் எதிர்க் கேள்வி கேட்டதும் 'சார்' ஆயிட்டான், கவனிங்க. நம்மூர்ல ஒருத்தர் 'சார்'னு கூப்பிட்டா பேச்சை முடிச்சுக்கோன்னு அர்த்தம்.

*

எல்லாம் ஒண்ணுதானா? பார்த்துடலாம்.

பி.எஸ்.பி.ன்னா பகுஜன் சமாஜ் கட்சி இல்லீங்க. பிரிட்டிஷ் குழாய் மரை. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது, நம்ம நாட்டுக் குழாய் தரங்களும் அதையே ஒட்டிப் போகுது. என்.பி.டி. அமெரிக்காக்காரனோடது. முதல்ல, பல்லோட கோணமே வேற. பிரிட்டிஷ் மரைக்கு 55 டிகிரி, அமெரிக்க மரைக்கு 60. ரெண்டாவது, கால் இஞ்சு அளவுல ஒரு இஞ்சு நீளத்துக்கு இதுல 19 பல், அதுல 18 பல். அப்ப ரெண்டையும் திருகினா என்ன ஆகும்? முதல் ரெண்டு சுத்துல வித்தியாசம் தெரியாது. அப்புறம் பல் பல்லு மேல ஏறி சிக்கிக்கும். நாம 'டைட் ஆயிடுச்சு'ன்னு நினைப்போம். அது டைட் இல்ல, நெரிசல். சிக்கினதும் பொருந்தினதும் ஸ்பேனர் பிடிச்ச கைக்கு ஒரே மாதிரி இருக்கும். கேஸுக்கு வித்தியாசம் தெரியும். பல்லுங்களுக்கு நடுவுல சுருள் சுருளா ஒரு சந்து கிடைச்சா அதுக்குப் போதும்.

அரை இஞ்சுல இன்னும் வில்லங்கம். ரெண்டுலயும் பல் எண்ணிக்கை 14தான். நல்லாவே ஏறும். ஆனா கோணம் பொருந்தாது. மோசமா சேராத ஃபிட்டிங் கூட பரவாயில்ல, கையில எடுத்ததுமே தெரிஞ்சிடும். கிட்டத்தட்ட சேர்றதுதான் ஆளைக் கொல்லும்.

அடுத்தது, நம்ம தேசிய மருந்து: டெஃப்லான் டேப். தண்ணிக் குழாய்க்கு வர்ற அதே வெள்ளை டேப்பை கேஸுக்கும் சுத்தறோம். கேஸுக்குன்னு தடிமனா, மஞ்சளா ஒரு டேப் இருக்கு. அது கூட போகட்டும். டேப்பை எந்த இணைப்புல சுத்தணும்னு ஒரு விதி இருக்குங்க. கூம்பு மாதிரி போகப் போகத் தடிக்கிற மரையில, மரையே அடைப்பா வேலை செய்யுது. அங்க டேப்புக்கோ பேஸ்ட்டுக்கோ வேலை உண்டு. ஆனா ஃபிளேர் இணைப்புன்னு ஒண்ணு இருக்கு. செம்புக் குழாயோட வாயைப் புனல் மாதிரி விரிச்சு, பித்தளை முகத்துல 45 டிகிரியில உட்கார வைக்கிறது. அங்க அடைக்கிறது அந்த ரெண்டு உலோக முகம். மரை இழுத்துப் பிடிக்க மட்டும்தான். அதுல டேப் சுத்தினா முகம் சரியா உட்காரவிடாமத் தடுக்கறோம். வாஷர் வச்ச இணைப்பும் அப்படித்தான், அடைக்கிறது வாஷர். பழைய வாஷர் காய்ஞ்சு போயிருந்தா வாஷரை மாத்தணும். நாம அதை அப்படியே விட்டுட்டு மரை மேல டேப்பைச் சுத்தறோம். கால்ல முள்ளு குத்தினா கைக்குக் கட்டுப் போடற வைத்தியம்.

ஓஸ் கதையும் இதே கதைதான். தோட்டத்துக்குத் தண்ணி விடற பிளாஸ்டிக் டியூபை சில டீக்கடைல கேஸுக்குப் போட்டிருக்கிறதை நானே பார்த்திருக்கேன். அந்த பிளாஸ்டிக்கை வளையவச்சுக்கிட்டு இருக்கிற எண்ணெய்ச் சரக்கை கேஸ் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிடும். டியூப் விறைச்சு, கடைசியில சாக்பீஸ் மாதிரி வெடிக்கும். சாதாரண ரப்பர் கேஸ் பட்டு உப்பிப் போயிடும். அதனாலதான் உள்பக்கம் நைட்ரைல் மாதிரி தாங்கற ரப்பர் வச்சு ஓஸ் செய்யறாங்க. ஐ.எஸ். 9573ன்னு ஓஸ் மேலயே அச்சடிச்சிருக்கும். வீட்டுக்குக் கிடைக்கிற ஆரஞ்சு கலர் சுரக்ஷா ஓஸுக்கு நடுவுல கம்பி வலை உண்டு, ஆயுசு 5 வருஷம். நம்ம வீட்ல எப்ப மாத்தினோம்னு கேட்டுப் பாருங்க. "கல்யாணத்தப்போ வாங்கினது"ம்பாங்க. பையன் பத்தாவது படிச்சிட்டிருப்பான்.

*

இதெல்லாம் வீட்டு அடுப்புக்கு. பெரிய பர்னர்னு வரும்போது ஆட்டமே வேற.

வீட்டு ரெகுலேட்டர் சிலிண்டர் உள்ள இருக்கிற அழுத்தத்தை 30 மில்லிபாருக்கு இறக்கித்தான் வெளிய விடும். குழந்தை ஊதற பலூன் மாதிரி சாதுவான அழுத்தம். சிலிண்டர் உள்ள இருக்கிறது அதோட நூறு மடங்குக்கும் மேல. கல்யாண மண்டபத்துல, பரோட்டா கடையில ரெகுலேட்டரே இல்லாம, வெறும் அடாப்டரை மாட்டி, அந்த முழு அழுத்தத்தையும் ஓஸுக்குள்ள விடறாங்க. தீயைக் குறைக்க, கூட்ட பர்னர் பக்கத்துல ஒரு குட்டித் திருகு வால்வு. அதாவது சிலிண்டர்ல இருந்து அந்தத் திருகு வரைக்கும் ஓஸ் பூரா முழு அழுத்தம். அந்த ஓஸைப் பிடிச்சு நிறுத்தறது எது? பல இடத்துல கட்டுக்கம்பி. கிளிப் கூட இல்ல, செண்டரிங் வேலைக்கு முடி போடுற அதே கம்பி. அது ஓஸைப் பிடிக்கல, அறுக்குது.

அடுத்த வித்தை இன்னும் பிரமாதம். பெரிய பர்னர் வேகமா கேஸை இழுக்கும்போது சிலிண்டர் ஜில்லுனு ஆயிடும். உள்ள இருக்கிற திரவம் ஆவியாக சூடு வேணும், அதைத் தன் கிட்ட இருந்தே எடுத்துக்குது. வெளிய வேர்த்து, சில சமயம் பனி கூட படியும். கேஸ் வரத்து குறையும். உடனே நம்ம மாஸ்டர் என்ன பண்ணுவார்? சிலிண்டரைப் படுக்கப் போடுவார், இல்ல கவுத்து வைப்பார். தீ குபீர்னு வரும். "பார்த்தியா?"ன்னு ஒரு லுக்கு வேற.

வந்தது கேஸ் இல்ல மாஸ்டர், திரவம். ஒரு லிட்டர் திரவம் ஆவியானா சுமார் 250 லிட்டர் ஆகும். ஓஸும் வால்வும் ஆவிக்காகச் செஞ்சது. அதுல திரவத்தை அனுப்பிட்டு, பக்கத்துலயே எண்ணெய்ச் சட்டியையும் வச்சுக்கிட்டு, பின்னாடி பந்தலைக் கட்டி ஐநூறு பேரை உட்கார வச்சு சாப்பாடு போடறோம். ரெண்டு மூணு சிலிண்டரைச் சேர்த்து ஒரே குழாய்ல இணைச்சா ஒவ்வொண்ணுக்கும் இழுவை குறையும், ஜில்லிப்பும் குறையும். அதுக்குன்னு முறையான ஃபிட்டிங் இருக்கு. மொத்தம் 100 கிலோ வரைக்கும் வச்சுக்கத் தனி லைசென்ஸ் கூட வேண்டாம். அஞ்சு நீல சிலிண்டர்னா 95 கிலோ. சட்டம் இடம் கொடுக்குது, பொருள் கடையில கிடைக்குது, ஆனா நமக்குப் படுக்கப் போடறதுதான் பழக்கம்.

*

இனி எதிர்க்கட்சி வாதம். எல்லாம் நேர்ல கேட்டதுதான்.

"இத்தனை வருஷமா இப்படித்தான் ஓடுது, என்ன ஆச்சு?"

ஹெல்மெட் இல்லாம உளுந்தூர்பேட்டை வரைக்கும் போயிட்டு வந்தவரும் இதைத்தான் சொல்வார். வராதவர் சொல்ல மாட்டார். அவர் போட்டோவுக்கு மாலை போட்டிருக்கும். தப்பிச்சவங்க சாட்சியை மட்டும் வச்சு கேஸ் நடத்தினா தீர்ப்பு எப்பவும் ஒரே பக்கம்தான் வரும்.

"ஏழைங்க என்ன பண்ணுவாங்க?"

இந்த வாதத்துக்கு மரியாதை உண்டு. ஆனா சரியான ஓஸ் ஒண்ணோட விலை ஒரு பிரியாணி விலை. நல்ல கிளிப் ஒரு டீ, வடை விலை. டீக்கடைக்காரர் காசில்லாம கட்டுக்கம்பி கட்டலை. அது போதும்னு அவருக்குச் சொல்லியிருக்காங்க. சொன்னவர் நம்ம 'எல்லாம் ஒண்ணுதான்' அண்ணன்.

"கேஸ் ஏஜென்சிதானே பார்க்கணும்?"

பார்க்கணும்தான். வந்து சோதனை பண்றதுக்கு விதிமுறையும் இருக்கு. ஆனா கடையில வீட்டு சிலிண்டரை வச்சு ஓட்டறவர் ஏஜென்சி ஆளை எப்படி உள்ள விடுவார்? 2000ஆம் வருஷத்து எல்.பி.ஜி. ஒழுங்குமுறை ஆணைப்படி சிவப்பு சிலிண்டரைக் கடையில எரிக்கக் கூடாது. எரிக்கறவர் ஒளிச்சு வைக்கிறார். ஒளிச்சு வச்ச இடத்துல காத்தோட்டம் இருக்காது. காத்தோட்டம் இல்லாத இடம் எப்படிப்பட்டதுன்னு மேல 90 கிராம் கணக்குல பார்த்தோம்.

ஒளிச்சு வைக்கிறதோட விலை என்னன்னு 2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி விடிகாலையில மதுரை ரயில் நிலையத்துல பார்த்தோம். லக்னோவுல இருந்து வந்த சுற்றுலாப் பெட்டி. ரயில்ல கேஸ் சிலிண்டர் கொண்டு போறது சட்டப்படி குற்றம். மறைச்சு எடுத்துட்டு வந்து, நிறுத்தி வச்ச பெட்டிக்குள்ள அடுப்பு மூட்டியிருக்காங்க. தீ பிடிச்சு 9 பேர் செத்தாங்க. ராமேஸ்வரத்துக்குன்னு கெளம்பி வந்தவங்க. மூடின பெட்டி, தரையில ஊர்ற கேஸ், காலையில டீ. இந்த மூணும் சேர்ற இடம் நம்ம தெருவுலயும் இருக்கு. ரயில் இல்லாததால கண்ணுக்குப் படறதில்ல.

"எல்லாம் விதிங்க தம்பி."

இதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல. சோப்புத் தண்ணிதான் இருக்கு. இணைப்பு மேல தடவி, வால்வைத் திறந்து பாருங்க. குமிழி வந்தா, அது விதி இல்ல, கசிவு. தீக்குச்சி கிழிச்சு சோதிக்கிறவங்களுக்குத்தான் விதி.

*

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம்.

2024 ஜூன் மாசம் எங்க கள்ளக்குறிச்சி பேரு உலகம் பூரா அடிபட்டது. கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. ஒரே தெருவுல வரிசையா பந்தல். அதுக்கு முந்தின வாரம் வரைக்கும் மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் வித்தியாசம் எங்க ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த வாரம் டீக்கடையில எல்லாரும் அதைப் பத்திப் பேசினாங்க. கண்ணு ஏன் போகுது, கல்லீரல் அதை என்னவா மாத்துது, எல்லாம். சட்டசபையும் சட்டத்தைத் திருத்தி, ஆயுள் தண்டனை வரைக்கும் தண்டனையை ஏத்திச்சு.

சாவு வந்த பிறகுதான் நமக்கு வேதியியல் வருது. பிணம் விழுந்தாத்தான் பாடம் நடக்குது.

அங்கயும் அடியில இருந்தது இதே நாலு வார்த்தைதான். வித்தவன் மனசுல, 'எல்லாம் ஒண்ணுதான், இதுவும் ஸ்பிரிட்டு, அதுவும் ஸ்பிரிட்டு'. குடிச்சவங்க பாவம், அவங்களுக்குத் தெரிஞ்சுக்க வழியே இல்ல. ரெண்டுமே நிறமில்லாத திரவம். ரெண்டு மரையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிற மாதிரி. பார்வைக்கு ஒண்ணா இருக்கிற ரெண்டு பொருளைப் பிரிச்சுக் காட்டறதுக்குப் பேருதான் படிப்பு, தரம், முத்திரை எல்லாம். அதை 'வெட்டி பந்தா'ன்னு தள்ளிவிட்டா, மிச்சம் இருக்கிறது அதிர்ஷ்டம் மட்டும்.

*

யார்கிட்ட என்ன கேக்கறேன்?

அரசாங்கத்துக்கிட்ட: வீட்டுக்கு வயரிங் பண்றவருக்கு ஒயர்மேன் சான்றிதழ்னு ஒண்ணு தர்றீங்க. மண்டபத்துல அம்பது கிலோ கேஸை இணைக்கிறவர் கையில ஸ்பேனர் இருந்தா போதும்னு விட்டுடறீங்க. 2006 தேர்தல்ல சொன்னபடி இலவச அடுப்பு வந்துது. 2016ல உஜ்வாலா வந்துது. நல்ல விஷயம்தான், ஆயாவோட நுரையீரல் பிழைச்சுது. ஆனா விறகடுப்பைப் பத்தி ஆயாவுக்கு அவங்க அம்மா சொல்லிக் கொடுத்தாங்க. எந்த விறகு புகையும், எது தெறிக்கும், தணலை எப்படி மூடறதுன்னு தலைமுறையா வந்த படிப்பு அது. கேஸைப் பத்தி ஆயாவுக்கு யாரும் சொல்லித் தரல. அடுப்பு மாறிடுச்சு, படிப்பு மாறல. ஐ.டி.ஐ.ல ஒரு மாசக் குறும்படிப்பு, மண்டபத்துக்கு வருஷத்துக்கு ஒரு சோதனை, இணைக்கிறவருக்கு ஒரு கார்டு. கேக்கறது இவ்வளவுதான்.

பேப்பர்காரங்ககிட்ட: 'சிலிண்டர் வெடித்து'ன்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. எங்க கசிஞ்சது? ஓஸா, கிளிப்பா, வால்வா? தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. அந்த ஒரு வரியைப் படிச்சிட்டு அன்னிக்கு நாலு பேர் தன் வீட்டு ஓஸைத் திருப்பிப் பார்ப்பாங்க.

கடைக்கார அண்ணங்ககிட்ட: "என்கிட்ட இல்ல தம்பி"ன்னு சொல்றதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. "ஒண்ணுதான்"னு சொல்றதை விட அது பெரிய சேவை.

கடைசியா, நம்ம சாதிசனம், இன்ஜினியர் பெருமக்கள்கிட்ட. நாமதான் இதுல முதல் குற்றவாளி. வடக்கத்திக்காரன் 'ஜுகாட்'னு ஒரு வார்த்தை கண்டுபிடிச்சான், நாம அதைத் தலையில தூக்கி வச்சு ஆடறோம். கட்டுக்கம்பில ஓடற அடுப்பைப் போட்டோ புடிச்சு 'நம்மாளு மூளைக்கு ஈடேது'ன்னு போடறோம். ஏன்னா நம்ம வேலையிலும் அப்படித்தானே? 'ஓடுதா? கை வைக்காத.' நம்ம புரோகிராம் நின்னா ராத்திரி போன் வரும், ரீஸ்டார்ட் பண்ணலாம். டீ போட வந்த அம்மாவை ரீஸ்டார்ட் பண்ண முடியாது. நாலு வருஷம் மரை, கோணம், அழுத்தம்னு பரீட்சை எழுதினது நாம. கடைக்காரருக்குத் தெரியாதுன்னு சிரிக்கிற உரிமை நமக்கு இல்ல. ஊருக்குப் போகும்போது அல்வா டப்பாவோட ஒரு ஓஸும் ரெண்டு கிளிப்பும் வாங்கிட்டுப் போற கடமைதான் இருக்கு.

நண்பன் பர்னர் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ஒரு பக்கம் என்.பி.டி., மறு பக்கம் பி.எஸ்.பி. இருக்கிற பித்தளை அடாப்டர் ஒண்ணை வெளியூர்ல சொல்லி வரவழைச்சான். அதிக அழுத்தத்துக்கான ரெகுலேட்டர், அதுக்கேத்த ஓஸ், நீல சிலிண்டர், சோப்புத் தண்ணி. மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரமும் தெருவுல எல்லாரும் அவனைக் கேலி பண்ணினாங்க, 'அமெரிக்காவுல இருந்து வந்தவர் அடுப்பு பத்த வைக்க பார்சலுக்குக் காத்திட்டிருக்கார்'னு. பண்ணட்டும். காத்திருந்தவன்தான் இன்ஜினியர், கேலி பண்ணினவங்கள்ல ரெண்டு பேர் என் பேட்ச் பி.ஈ.

டிஸ்கி: கேஸ் வாடை வந்தா சுவிட்ச் எதையும் தொடாதீங்க, போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து விட்டுட்டு வெளிய வந்து, அப்புறம் போன் எடுங்க. கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906. இந்தப் பதிவை மறந்தாலும் பரவாயில்ல, இந்த நாலு எண்ணை எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிடுங்க. கூடவே எழுந்து போய் உங்க ஓஸ் மேல என்ன வருஷம் அச்சடிச்சிருக்குன்னு பாருங்க. திட்டறதா இருந்தா பார்த்துட்டு வந்து திட்டுங்க.